செவலையைக் கொடுத்த வெள்ளிக்கிழமை

ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் டிரக் வந்து காரை எடுத்துக்கொள்ளும் என்று தருமச் சங்கத்துப் பெண் ஃபோனில் சொல்லிவிட்டாள். அதென்ன ஒன்பதிலிருந்து பன்னிரண்டு? ஒன்பதரை என்றால் ஒன்பதரை, பதினொன்று என்றால் பதினொன்று, ஒரு நேரத்தைச் சொன்னால் மனுஷி அதற்குத் தக்கபடி குளிப்பாள், சாப்பிடுவாள், பயப்படுவாள். மூன்று மணி நேரத்துக்கும் மொத்தமாகப் பயப்படு என்றால் எப்படி? மங்கையர்க்கரசி சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு மூன்றாவது தடவையாகக் காப்பியைச் சூடு பண்ணினாள், குடிக்கத்தான் மனசு வரவில்லை. வெளியே மிச்சிகன் ஏப்ரல் வெயில், பார்க்க வெயில் மாதிரி இருக்கிறதே தவிர உடம்பில் சுடாது, எதிர்வீட்டுப் புல் ஓரத்தில் பனி இன்னும் அழுக்காய் ஒரு குவியல் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை வேறு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்கிறவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஸ்ரீவைகுண்டத்தில் அவள் அம்மா வெள்ளிக்கிழமை உறைமோர்கூட யாருக்கும் கொடுக்க மாட்டாள், நாளைக்கு வாங்கிக்கிடுங்க என்று சிரித்த முகமாய் அனுப்பிவிடுவாள். பத்தரையிலிருந்து ராகுகாலம். கோயில் காலண்டரில் இந்த ஊர் நேரத்துக்கு மாற்றிப் போட்டிருப்பார்கள், அதைப் போய்ப் பார்த்தால் அது ஒரு புதுப் பயம், பார்க்காமலே இருப்போம். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமே என்றால் முடியாது. நாளை மத்தியானம் டல்லாஸிலிருந்து குரு வருகிறான், அவளுக்கு ஒரே பிள்ளை, முப்பத்தெட்டு வயசு. "அப்பா வண்டியை நான் வச்சுக்கிறேன்மா, நானே ஓட்டிட்டு வந்துடுறேன்" என்று போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொன்னான். ஆயிரத்து இருநூறு மைல். அந்த வண்டியில். அவன் வந்து சாவியைக் கேட்பதற்குள் அது இந்த வீட்டை விட்டுப் போயாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அவனிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சமையலறையை ஒட்டி ஒரு கதவு, திறந்தால் கராஜ். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருஷமாகத் துணி துவைக்கிற மெஷினுக்குப் போவதற்காக மட்டும் அந்தக் கதவைத் திறப்பாள், போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டாள், திருப்பாமலே அது நிற்கிறது என்று முதுகுக்குத் தெரியும். இன்று காலையில்தான் மேலே கிடந்த போர்வையை உருவினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் செய்த ஷெவெல், இந்த ஊரில் மசில் கார் என்பார்கள், பயில்வான் வண்டி, பெயருக்கேற்ற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்கும். நல்ல சிவப்பு, முன்பக்க மூடியில் இரண்டு கறுப்புப் பட்டை. மூன்றாக இருந்தால் விபூதிப் பட்டை என்றாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம், அதுவும் இல்லை. அவள் வீட்டுக்காரர் கைலாசம் வாங்கி வந்த அன்றைக்கே அதன் பெயரைத் தமிழாக்கிவிட்டார். "சிவப்பு மாட்டுக்கு நம்ம பக்கம் என்னட்டி பேரு? செவலை. இவனும் செவலைதான்." அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம், இந்த ஊரில் கோயில் கிடையாது, வாசலிலேயே வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, அவள்தான் சூடம் காட்டினாள். பக்கத்து வீட்டுக் கிழவர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவா என்று கேட்டார். முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு பித்தளைப் பிள்ளையாரைப் பசை போட்டு ஒட்டினார் கைலாசம், அதிலே வந்தது சண்டை. பிள்ளையார் முகம் உள்ளே பார்க்க ஒட்டிவிட்டார். "நம்மளைப் பாக்கட்டும்ட்டி." "நம்மளைப் பார்த்து என்ன செய்ய? நீங்க ஓட்டுத ஓட்டத்துக்கு ரோட்டைப் பாக்க ஒருத்தராவது வேண்டாமா?" அவர் சிரித்த சிரிப்பு, அப்பா, வண்டியே குலுங்கியது. இன்று காலை எட்டு மணிக்குத் தோசைச் சட்டுவத்தை வைத்து அந்தப் பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்தாள், சாமியைத் தானமாகக் கொடுக்க முடியாதில்லையா. கடுகு டப்பா பக்கத்தில் ஜன்னலைப் பார்க்க உட்கார்த்தி வைத்திருக்கிறாள். இப்பவாவது ரோட்டைப் பாரும் ஐயா.

கைலாசத்தைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னால் அவளே சண்டைக்குப் போவாள். சாது. உரக்கப் பேச மாட்டார், வெண்டைக்காய் நறுக்கித் தருவார், இவள் அம்மா செத்தபோது இவளைவிட அதிகமாக அழுதார். வேலை என்ன தெரியுமா, கார் கம்பெனியில் சீட் பெல்ட் கொக்கி வரைகிற இன்ஜினியர். முப்பது வருஷமாக ஊர் உயிரையெல்லாம் கட்டிக் காப்பாற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொந்த உயிரை, பெண்டாட்டி பிள்ளை உயிரோடு சேர்த்து, நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விரட்டுவார். வாரம் பூராவும் ஆபீசுக்கு வேறொரு வண்டி, முப்பது மைல் என்று போர்டு இருந்தால் இருபத்தெட்டில் போகிற மனுஷன். செவலையில் ஏறினால் ஆளே வேறு. தொண்ணூறு. நூறு. ஊசி அதற்குமேல் போகும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அது அவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, அவளுக்குத் தெரியாத யாரையோ பார்த்துச் சிரிப்பது. "மெல்ல ஓட்டுங்களேன், பிள்ளை இருக்காம்லா" என்பாள். "பிள்ளையப் பாரு, எப்படி உறங்குதான்" என்பார். உண்மைதான். பின்சீட்டில் குரு கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நிம்மதியாய்த் தூங்கிக்கொண்டிருப்பான், அப்பனுக்குப் பிறந்தது தப்பாமல். அவளுக்கு மட்டும்தான் பயம். செவலையின் சத்தம் அவளுக்குக் காதில் கேட்பதில்லை, விலா எலும்பில் கேட்கும். இன்று காலை பிள்ளையாரை எடுக்கக் கதவைத் திறந்தபோது கீழே பார்த்தாள், அவள் உட்காருகிற பக்கம், வலது கால் வைக்கிற இடத்தில் கால்மிதி வட்டமாய்த் தேய்ந்து நூல் நூலாய்க் கிடக்கிறது. அங்கே பிரேக் கிடையாது. இல்லாத பிரேக்கை முப்பத்தெட்டு வருஷம் மிதித்திருக்கிறாள், அட பைத்தியக்காரி.

அந்த மழை நாளை நினைக்கக் கூடாது. பத்து மணி ஆகிறது. காப்பி ஆறிவிட்டது. தெருவில் ஏதோ பெரிய வண்டிச் சத்தம், இல்லை, தபால் வண்டி. மழை நாளை நினைக்கக் கூடாது, வேறு எதையாவது நினை. ஞாயிற்றுக்கிழமை குரு கேட்டபோது ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? "சரிப்பா, உனக்குத்தானே" என்றல்லவா சொன்னாள். எப்படிச் சொல்வது? உங்க அப்பா வண்டியை நினைச்சாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது என்றா? செத்துப்போன மனுஷனைப் பிள்ளையிடம் குறை சொல்கிற மாதிரி ஆகாதா? அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. படத்துக்கு மாலை போட்டாயிற்று, இனி அவர் ஓட்டியதெல்லாம் நல்ல ஓட்டம்தான். கோயிலில் பார்க்கிறவர்களும் அப்படித்தான், "சார் வண்டியை வச்சிருக்கீங்களா மாமி, பொக்கிஷம் மாமி அது" என்பார்கள். விலைக்குக் கொடுத்தால் எவ்வளவு போகும் என்று ஆளுக்கொரு விலை சொல்வார்கள். விற்கலாம்தான். விற்றால் எவனாவது வீட்டுக்கு வருவான், ஓட்டிப் பார்க்கிறேன் என்பான், உறுமவிடுவான், அவள் பக்கத்தில் நின்று நல்ல வண்டி தம்பி என்று சொல்லிப் பணம் வாங்க வேண்டும். அந்தப் பாவம் வேண்டாம். நூலகத்துச் சுவரில்தான் அந்த நோட்டீஸைப் பார்த்தாள், கிட்னி கெட்டவர்களை வேனில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுகிற ஒரு சங்கம், பழைய வண்டி கொடுத்தால் ஏலம் விட்டு அந்தப் பணத்தில் வேன் ஓட்டுவார்களாம். அந்த வேன்களை அவள் பார்த்திருக்கிறாள், எழுபது வயசுக்காரர்கள் ஓட்டுவார்கள், பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடிக்கிற அளவுக்கு மெதுவாகப் போகும். அதைப் பார்த்துத்தான் மனசு சாய்ந்தது. செவலை அத்தனை பெரிய வேகத்தை வைத்துக்கொண்டு கடைசியில் இப்படி ஊர்ந்து போகிற புண்ணியமாக மாறட்டுமே. ஆனால் ஏலத்தில் எவனோ ஒருத்தன் எடுக்கத்தானே போகிறான்? அவனும் விரட்டத்தானே போகிறான்? அவனுக்கும் அம்மா இருப்பாளே? இருப்பாள். அவள் பிள்ளையை அவள் பார்த்துக்கொள்ளட்டும். சுயநலம்தான், இருந்துவிட்டுப் போகட்டும், சவத்தை விடு.

"செவலையைப் பாத்துக்கோ" என்று கைலாசம் சொன்னார். ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, கடைசிக்கு இரண்டு நாள் முன்னால். உன்னைப் பாத்துக்கோ என்று சொல்லவில்லை, குருவைப் பாத்துக்கோ என்று சொல்லவில்லை. கோபம் வந்ததா? வந்தது. அந்த நேரத்தில் கோபப்பட முடியுமா, "பாத்துக்கிடுதேன்" என்றாள். மூன்று வருஷமாக எதைப் பார்த்தாள், முதுகால்தான் பார்த்தாள். வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று இந்த வாரம் நாலு ராத்திரியும் கேட்டுக்கொண்டாயிற்று. அந்த மழை நாள். சரி வா, வந்து தொலை. குருவுக்கு ஒன்பது வயசு. ஆன் ஆர்பரில் ஒரு கிருகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் மழை, மழை என்றால் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாத மழை. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. இவள் மடியில் எவர்சில்வர் தூக்கில் மிச்சப் பாயசம். ஒரு வளைவில் பின்பக்கம் லேசாக விலகியது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும், அப்புறம் உலகம் சுற்றியது, சத்தமே இல்லாமல் சுற்றியது, ஒருதரம், இரண்டுதரம், பாயசம் அவள் புடவையில் சூடாய் இறங்கியது, வண்டி நின்றபோது வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது. எதிரே இரண்டு விளக்கு. லாரி. அவ்வளவு பெரிய ஹாரன் சத்தத்தை அவள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. லாரிக்காரன் எப்படி ஒடித்தானோ, அவன் குலம் விளங்கட்டும், அவள் பக்கக் கண்ணாடியை உரசுகிற மாதிரி போனான். கைலாசம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்று, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தாள். வண்டியை ஓரங்கட்டி, அடுத்த ஊரில் மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். குருவை எழுப்பித்தான் கொடுத்தார்கள், அவன் ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாவியை எடுத்தார், இவள் புடவை மாற்றிக்கொண்டு போய் ஏறினாள். அதுதான் இன்றுவரை புரியவில்லை, ஏன் ஏறினாள்? பிள்ளையையும் ஏன் ஏற்றினாள்? இதில் அவரைச் சொல்லி என்ன, அவளைச் சொல்ல வேண்டாமா? இப்போது குரு அதே வண்டியை எடுத்துப் போவான், அதே மாதிரி சிரிப்பான், பின்சீட்டில் அவன் மகள் யாழினி, ஐந்து வயசு, தூங்குவாள். வேண்டாம். வாக்காவது ஒன்றாவது.

பதினொன்றே காலுக்கு டிரக் வந்தது. நட்ட நடு ராகுகாலம். வரட்டும். இறங்கினவன் ஆறரை அடி இருப்பான், டாரெல் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது, குரல் மட்டும் குழந்தை மாதிரி. கராஜ் கதவு மேலே ஏறியதும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான், சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரி. "அம்மா, நிச்சயமாத்தானா? இதைச் சும்மாவா கொடுக்கறீங்க?" "நிச்சயந்தான்." "ஸ்டார்ட் ஆகுமா?" ஆகக் கூடாது, ஆகவே கூடாது, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டால் மனசு எந்தப் பக்கம் சாயுமோ, "பேட்டரி செத்துப்போச்சு" என்றாள் அவசரமாக. உண்மையும் அதுதான். நம்பர் பிளேட்டை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவனே கழற்றிக் கொடுத்தான். வண்டிக்கு உரிய காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவர் போனபிறகு அவள் பெயருக்கு மாற்றியது, ஒரு எழுத்து அடித்துத் திருத்தினாலும் செல்லாதாம், அதனால் காலையில் பழைய கவரின் பின்புறத்தில் ஏழெட்டுத் தடவை போட்டுப் பார்த்திருந்தாள். டிரக்கின் மேல்தளத்திலேயே வைத்துப் போட்டாள். ஒரு எழுத்தும் பிசகவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டாரெல் முன்பக்கம் கொக்கி மாட்டி இயந்திரத்தை முடுக்கினான். இரும்புக் கயிறு இறுகியது. செவலை முரண்டு பண்ணும் என்றுதான் எதிர்பார்த்தாள். அது பாட்டுக்கு, சத்தமே போடாமல், சந்தைக்கு ஓட்டிப்போகிற மாடு மாதிரி ஏறிவிட்டது. இதற்குத்தானா இத்தனை வருஷம்?

சங்கிலியை அவன் இறுக்கிக்கொண்டிருக்கும்போது அவள் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அடித்தது. குரு. எடுக்காமல் விடலாம். பத்து நிமிஷம் போனால் வேலை முடிந்தது, அப்புறம் என்ன வேண்டுமானாலும் கத்தட்டும். எடுத்துவிட்டாள்.

"அம்மா, நாளைக்கு ஃப்ளைட் ஒரு மணி நேரம் லேட்டும்மா. அதென்ன அங்க சத்தம்?"

குப்பை வண்டி என்று நாக்கு நுனி வரை வந்தது. வெள்ளிக்கிழமை குப்பை வண்டி வருகிற நாள்தான், அவனுக்கும் தெரியும். நாற்பது வருஷமாக ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லி வந்த வாய்.

"உங்க அப்பா வண்டியைக் கொடுத்துட்டேன் ஏல. தருமத்துக்கு. இப்பதான் ஏத்துதாங்க."

டாரெல் ஒரு சங்கிலியை முடித்து அடுத்த பக்கம் போனான். போச்சு, பிள்ளை மனசு விட்டுப்போச்சு, அப்பாவையே தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று நினைக்கிறான், இனி வருவானோ மாட்டானோ.

"குரு? எனக்குப் பயம்ப்பா. நீ அதை ஓட்டுதது எனக்குப் பயம். எப்பவுமே பயந்தான், சொன்னதில்ல. நீ வைதாலும் சரி."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நீளமாக, பாரத்தை இறக்கி வைக்கிறவன் விடுகிற மாதிரி. "தேங்க் காட்மா," என்றான். "தேங்க் காட்."

"என்னல சொல்லுத?"

"நான் தூங்கவே இல்லைம்மா."

"எப்ப?"

"எப்பவுமே. ஒரு தடவைகூட அந்த வண்டியில தூங்கினதில்ல. கண்ணை இறுக்கி மூடிக்குவேன். திறந்தா அப்பாவுக்குக் கண்ணாடியில தெரிஞ்சிடும், பயப்படுறேன்னு. மழையில சுத்தினப்பவும் மூடிட்டுத்தான் இருந்தேன். அந்த லாரி ஹாரன் இன்னும் கனவுல வருதும்மா."

அவள் டிரக்கின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். ஒன்பது வயசுப் பிள்ளை, எழுப்பியதும் முழித்தான், ஐஸ்கிரீமை வாங்கிச் சமர்த்தாகச் சாப்பிட்டான். தாயாக இருந்து என்ன பார்த்தாள் அவள்? திரும்பி ஒரு தடவை அந்தக் கண்ணிமையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே.

"பின்ன எதுக்குல வேணும்னு கேட்ட?"

"நீதான் மூணு வருஷமா அதை அப்படியே வச்சுக் காப்பாத்துறியே. ஒரே பிள்ளை, அவனும் வேண்டாம்னு சொன்னா உனக்கு எப்படி இருக்கும்னுதான். டிரக்ல ஏத்தி அனுப்பச் சொல்லலாம்னு பார்த்தேன், அப்பா பிள்ளை ஓட்டப் பயந்துட்டான்னு நினைப்பியோன்னு அதையும் சொல்லல. ஞாயித்துக்கிழமையிலிருந்து தூக்கமே இல்லைம்மா எனக்கு."

"கூறுகெட்டவனே," என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, அவனும் சிரித்தான், இரண்டு பேருக்கும் நிற்கவில்லை. டாரெல் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள், உடனே, இருக்கிறது, ஏன் ஒன்றுமில்லை என்கிறாய் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். "என் பிள்ளை," என்று ஃபோனைக் காட்டி அவனிடம் சொன்னாள். "அவனுக்கும் பயமாம்." அவனுக்கு என்ன புரிந்ததோ, பெரிதாகத் தலையாட்டினான். ரசீதைக் கிழித்துக் கொடுத்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, ஏறி உட்கார்ந்தான்.

டிரக் பின்வாங்கித் தெருவில் இறங்கியது. மேலே செவலை, வெயிலில் நல்ல சிவப்பாகத்தான் இருந்தது. அழகான வண்டிதான், யார் இல்லை என்றார்கள். அவளுக்குப் பசித்தது. நாலைந்து நாளில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது. வாசலில் அவள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இங்கே நின்றுதான் அவரை அனுப்பியிருக்கிறாள், ஆபீசுக்கோ கடைக்கோ எங்கே கிளம்பினாலும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள். வெறுமே போங்க என்று அவள் ஊரில் யாரும் வாசலில் நின்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். தகன அடுப்புக்குள் அவரைத் தள்ளியபோதுகூட அவள் வாயில் பழக்கத்தில் போயிட்டு வாங்க என்றுதான் வந்தது, ஐயர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். டிரக் தெருமுனையில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. வாய் தானாகத் திறந்தது. போயிட்டு என்று தொடங்கி, அவள் நிறுத்தினாள்.

"போங்க," என்றாள். "போதும். போங்க."

டிரக் வலது பக்கம் திரும்பியது.

"யார்கிட்டம்மா பேசறே?" என்றான் குரு ஃபோனில்.

"உங்க அப்பாதான். கிளம்பிட்டாக."